உரிமம் மூன்று ஆண்டு, டோக்கன் என்றென்றைக்குமா?

கேள்வி: கோயம்புத்தூரில் சிறிய கேம் ஸ்டூடியோ நடத்துகிறோம். குழந்தைகளிடையே பிரபலமான ஓர் அனிமேஷன் தொடரின் கதாபாத்திரங்களைக் கொண்டு மொபைலுக்கும் கணினிக்கும் கேம் உருவாக்க, அதன் உரிமையாளர் நிறுவனத்திடம் மூன்று ஆண்டு உரிமம் பெற்றோம். வெளியீட்டுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், முதலீட்டாளரின் யோசனைப்படி, கதாபாத்திரப் படங்கள் கொண்ட டிஜிட்டல் அட்டைகளை என்எஃப்டி வடிவில் (பிளாக்செயின் என்ற பொது டிஜிட்டல் பதிவேட்டில் உடைமையாளரைக் காட்டும் தனித்த டோக்கன்) முன்விற்பனைக்கு அறிவித்தோம். சில நூறு பேர் பணம் கட்டினார்கள். ஆனால் ரசிகர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பி, கேமுக்கு முன்பதிவு செய்தவர்கள் விலகத் தொடங்கிவிட்டார்கள். 30 நாளில் விளக்கம் தராவிட்டால் உரிமத்தை ரத்து செய்வதாக உரிமையாளர் நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியுள்ளது. ஒப்பந்தத்தில் டிஜிட்டல் பொருட்கள் விற்க அனுமதி இருக்கிறது என்றும், டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் நமக்குச் சாதகமாக இருக்கிறது என்றும் முதலீட்டாளர் சொல்கிறார். விற்பனையைத் தொடரலாமா? கேமைக் காப்பாற்ற என்ன வழி?

பதில்: நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலையும் நோட்டீஸையும் முழுமையாகப் படித்தேன். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பனையை இன்றே நிறுத்துங்கள். வாங்கிய அனைவருக்கும் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். கெடு முடியும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே நோட்டீஸுக்குப் பதில் அனுப்புங்கள். உங்கள் கையில் இருப்பது மூன்று ஆண்டுக்கான அனுமதி. நீங்கள் விற்றதோ காலக்கெடு எதுவும் இல்லாத உடைமை என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒன்று. குத்தகைக்கு எடுத்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பட்டாவோடு விற்பதற்கு ஒப்பான இந்தக் காரியத்தை, எவ்வளவு திறமையான வாதத்தாலும் சரிக்கட்ட முடியாது என்பதே என் கருத்து.

இது வெறும் அச்சமல்ல என்பதற்கு நடந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. ஹாங்காங்கைச் சேர்ந்த அனிமோக்கா பிராண்ட்ஸ் நிறுவனம், ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் அதிகாரப்பூர்வ உரிமத்துடன் 2019-இல் 'எஃப்1 டெல்டா டைம்' என்ற கேமைத் தொடங்கியது. கார், ஓட்டுநர், உதிரிபாகம் எல்லாமே என்எஃப்டிகளாக விற்கப்பட்டன. அந்த ஆண்டு மே மாதம் '1-1-1' என்று பெயரிட்ட ஒற்றைக் கார் 415.9 ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்துக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,13,000 அமெரிக்க டாலர். உரிமம் புதுப்பிக்கப்படாததால் 2022 மார்ச் 16 அன்று அந்தக் கேம் நின்றுபோனது. வாங்கியவர்களின் டோக்கன்கள் பிளாக்செயினில் அப்படியே இருந்தன, யாரும் அவற்றைப் பறிக்கவில்லை. ஆனால் அந்தக் காரை ஓட்டுவதற்கான பந்தயத் தடம்தான் இல்லாமல் போனது. தன் இன்னொரு கேமான 'ரெவ் ரேசிங்'கில் ஓட்டக்கூடிய மாற்றுக் கார்களை நிறுவனம் வழங்கியது உண்மை. என்றாலும் ஃபார்முலா 1 என்ற பெயருக்காகவே பணம் கொடுத்தவருக்கு, அந்தப் பெயர் இல்லாத கார் எப்படி ஈடாகும்? அங்கே என்எஃப்டி விற்பனைக்கு உரிமையாளரின் வெளிப்படையான சம்மதமாவது இருந்தது. உங்களிடம் அதுவும் இல்லை.

இனி உங்கள் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். முதலீட்டாளர் சுட்டிக்காட்டும் பிரிவு, கேமிலும் 'அதனுள் விற்கப்படும் டிஜிட்டல் பொருட்களிலும்' கதாபாத்திரங்களைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஆட்டக்காரர் கேமுக்குள் வாங்கும் உடை, வாகனம், கூடுதல் நிலை போன்றவற்றுக்கு இந்தப் பிரிவு தாராளமாகப் போதும். நீங்கள் விற்ற அட்டையோ, கேம் வெளிவருவதற்கு முன்பே வேறொரு சந்தைத் தளத்தில் விற்கப்பட்டது; வாங்கியவர் யாருக்கு வேண்டுமானாலும் மறுவிற்பனை செய்யலாம்; கேமைத் திறக்காமலேயே வைத்திருக்கலாம். வணிக நோக்கில் பார்த்தால் அது கதாபாத்திரப் படம் அச்சிட்ட பள்ளிப்பை, டிபன் பாக்ஸ் போன்ற உரிமப் பொருள்களின் வரிசையில்தான் சேரும். அந்த உரிமத்தை உரிமையாளர் உங்களுக்குத் தரவில்லை. பிற்சேர்க்கையைப் பார்த்தால், வேறு யாருக்கோ தருவதற்காக ஒதுக்கி வைத்திருப்பதாகவே தோன்றுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒப்புதல் பிரிவில் இருக்கிறது. கதாபாத்திரத்தின் உருவம் இடம்பெறும் ஒவ்வொரு பொருளுக்கும் விளம்பரத்துக்கும் முன்கூட்டியே எழுத்துவழி ஒப்புதல் பெற வேண்டும் என்று நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். கேமின் முகப்புத் திரைக்குக்கூட ஒப்புதல் வாங்கிய நீங்கள், அட்டைகளுக்கு வாங்கவில்லை. முந்தைய பிரிவின் பொருள் என்ன என்று வருடக்கணக்கில் வாதாடலாம். இந்த மீறலை வாதாடி மறைக்க முடியாது. உரிமம் முடிந்த ஆறு மாதத்துக்குள் எல்லாப் பயன்பாட்டையும் நிறுத்த வேண்டும் என்ற கடைசிப் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். ஊர் பேர் தெரியாத ஒருவரின் டிஜிட்டல் பணப்பையில் இருக்கும் அட்டையை நீங்கள் எப்படி நிறுத்துவீர்கள்? உங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான். பெரும்பாலான என்எஃப்டிகளைப் போலவே உங்கள் டோக்கனிலும் படம் இல்லை, படம் இருக்கும் முகவரி மட்டுமே இருக்கிறது. படம் உங்கள் சர்வரில் கிடக்கிறது. அந்தச் சர்வரை அணைத்தால் ஒப்பந்தத்தைக் காப்பாற்றலாம், ஆனால் வாங்கியவரிடம் வெற்று முகவரி மட்டுமே மிஞ்சும். அணைக்காவிட்டால் உரிமையாளரிடம் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு தரப்பை ஏமாற்றியே ஆக வேண்டிய ஏற்பாட்டை நீங்களே உருவாக்கி வைத்திருக்கிறீர்கள்.

ஒப்பந்தம் என்எஃப்டி பற்றி எதுவும் சொல்லவில்லை, ஆகவே தடையும் இல்லை என்ற வாதம் எடுபடாது. நம் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டபோது, 18-ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு சேர்க்கப்பட்டது: உரிமையை எழுதிக்கொடுக்கும் காலத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தாலொழிய அந்த உரிமை மாற்றம் செல்லாது. இந்தப் பாதுகாப்பு உரிமை மாற்றத்தைப் பற்றியது. உங்களுடையது வெறும் உரிமம். உங்கள் ஒப்பந்தம் கையெழுத்தானபோது என்எஃப்டிகள் புழக்கத்திலும் இருந்தன. எனவே அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. என்றாலும் வெளிப்படையாகத் தராத உரிமை உரிமையாளரிடமே தங்கும் என்ற கண்ணோட்டம்தான் அதற்கு அடிப்படை. அதே கண்ணோட்டத்தில் உங்கள் ஒப்பந்தத்தையும் நீதிமன்றம் அணுகும் என்றே எதிர்பார்க்கிறேன்.

அமெரிக்காவிலும் இதே கேள்வி எழுந்தது. 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்துக்குக் கையால் எழுதிய திரைக்கதைப் பக்கங்களை என்எஃப்டிகளாக விற்கப்போவதாக இயக்குநர் குவென்டின் டரான்டினோ 2021 நவம்பரில் அறிவித்தபோது, படத்தின் உரிமையை வைத்திருக்கும் மிராமேக்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1993-இல் எழுதிய ஒப்பந்தத்தில் திரைக்கதையை அச்சில் வெளியிடும் உரிமை இயக்குநருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் என்எஃப்டி அடங்குமா என்பதுதான் சர்ச்சை. 2022-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டதால் தீர்ப்பு வரவில்லை. படைப்பை உருவாக்கியவருக்கே உரிமை தெளிவாக இல்லாத இடத்தில், இரவல் உரிமத்தோடு நிற்கும் நீங்கள் துணிந்து இறங்கக் கூடாது.

டெல்லித் தீர்ப்பைப் பற்றி உங்கள் முதலீட்டாளர் சொல்வது பாதி உண்மை. கிரிக்கெட் வீரர்களின் என்எஃப்டி அட்டைகளை விற்கும் ராரியோ தளத்தை நடத்தும் டிஜிட்டல் கலெக்டிபிள்ஸ் நிறுவனமும் முகமது சிராஜ், அர்ஷ்தீப் சிங் முதலிய கிரிக்கெட் வீரர்களும் சேர்ந்து, எம்பிஎல் என்ற இணைய விளையாட்டுக் குழுமத்தின் ஸ்டிரைக்கர் தளத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. வீரர்களின் பெயரையும் சித்திரத்தையும் என்எஃப்டி அட்டைகளில் பயன்படுத்தத் தங்களிடம்தான் தனி உரிமை இருக்கிறது என்பது அவர்கள் வாதம். 2023 ஏப்ரல் 26 அன்று நீதிபதி அமித் பன்சல் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தார். வீரரின் பெயரும் ஆட்டப் புள்ளிவிவரங்களும் பொதுவெளியில் கிடைக்கும் தகவல்கள், அவற்றையும் கலைநயத்துடன் வரைந்த உருவத்தையும் பயன்படுத்துவது கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்குள் வரும் என்பது அந்த உத்தரவின் சாரம். சிராஜ் எத்தனை விக்கெட் எடுத்தார் என்பது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் உங்கள் அட்டையில் இருக்கும் கதாபாத்திரமோ ஒரு நிறுவனம் வரைந்து உருவாக்கிய கலைப்படைப்பு. அதன் முழுப் பதிப்புரிமையும் அவர்களுடையது. போதாக்குறைக்கு, அது அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அந்தத் தீர்ப்பை உங்கள் பதிலில் மேற்கோள் காட்டினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை எளிதாகிவிடும்.

என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துவது உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: வாங்கியவர்கள் யார்? குழந்தைகள் பார்க்கும் தொடர் இது. பெற்றோரின் யுபிஐ கணக்கிலிருந்து பணம் கட்டிய பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அந்தச் சில நூறு பேரில் இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. 'பணம் திரும்பத் தரப்படாது' என்ற நிபந்தனைக்கு அவர் சம்மதம் தெரிவித்துப் பொத்தானை அழுத்தியிருந்தாலும் அது அவரைக் கட்டுப்படுத்தாது. இந்தியாவில் என்எஃப்டி விளம்பரங்கள், இது ஒழுங்குமுறைக்கு உட்படாத, மிகுந்த இடர் கொண்ட பொருள் என்ற எச்சரிக்கையைத் தாங்க வேண்டும் என்று விளம்பரத் தர மன்றம் 2022 ஏப்ரல் முதல் வலியுறுத்துகிறது. உங்கள் அறிவிப்புப் படத்தில் அந்த எச்சரிக்கை இல்லை. 'நாளை இதன் மதிப்பு எவ்வளவோ!' என்ற வாசகம்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடித்த உருவத்தை முன்னால் நிறுத்தி அப்படி ஒரு வாசகத்தை வைத்தது தவறு. கண்டிப்பாகச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல கேம் ஒன்று இந்த ஒரு வரியால் கெட்ட பெயர் எடுப்பதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

அட்டைகளை கேமோடு இணைத்து, வென்றவருக்கு மதிப்புமிக்க டோக்கன் தரலாம் என்று முதலீட்டாளர் அடுத்த கட்டமாகத் திட்டமிட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போதே கைவிடுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணமோ பணத்துக்கு ஈடானதோ கட்டி, ஆதாயம் எதிர்பார்த்து ஆடும் விளையாட்டை வழங்குவதைத் தடை செய்கிறது. பணம் கொடுத்து வாங்கிய டோக்கன்களும் ஈடு என்பதன் வரையறைக்குள் வருகின்றன. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். வரிச் சுமையும் சிறிதல்ல: 2022 நிதிச் சட்டத்தின்படி, இத்தகைய டிஜிட்டல் சொத்துகளை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி உண்டு, ஒன்றில் வந்த நட்டத்தை வேறொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

கேம் கடைகளின் நிலைமையும் உங்களுக்கு எதிராகவே இருக்கிறது. என்எஃப்டியை வழங்கும், பரிமாற இடம்தரும் பிளாக்செயின் கேம்களை, கணினி கேம்களை விற்கும் தன் ஸ்டீம் தளத்தில் ஏற்பதில்லை என்று வால்வ் நிறுவனம் 2021 அக்டோபரிலேயே விதி வகுத்துவிட்டது. உங்கள் கணினிப் பதிப்புக்கு அதுதான் முதன்மைக் கடை. என்எஃப்டி வைத்திருப்பவருக்கு மட்டும் கேமுக்குள் கூடுதல் வசதி திறந்துவிடுவதை 2022-இல் ஆப்பிள் தடுத்தது. விளையாடினால் பணம் சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டுவதைக் கூகுள் பிளே 2023-இல் தடுத்தது.

ரசிகர்களின் கோபத்தைச் சிலரின் கூச்சல் என்று உங்கள் முதலீட்டாளர் ஒதுக்குவது சரியல்ல. 2021 டிசம்பர் 15 அன்று 'ஸ்டாக்கர் 2' கேமில் என்எஃப்டி வரும் என்று உக்ரைனின் ஜிஎஸ்சி கேம் வேர்ல்ட் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் முதலில் ஒரு விளக்கக் கடிதம் வெளியிட்டது. அது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது போல ஆகிவிட, அதை நீக்கிவிட்டு மறுநாளே திட்டத்தை முழுமையாக ரத்து செய்தது. 2022 ஜனவரி 31 அன்று இங்கிலாந்தின் டீம்17 தன் 'வார்ம்ஸ்' கேமின் பெயரில் என்எஃப்டி அறிவித்தபோது, அந்நிறுவனம் வெளியிட்ட வேறு கேம்களை உருவாக்கிய ஸ்டூடியோக்களே தங்களுக்கு இதில் சம்மதமில்லை என்று பகிரங்கமாகச் சொல்லின; அடுத்த நாள் திட்டம் கைவிடப்பட்டது. பிரான்சின் யுபிசாஃப்ட் மட்டும் பிடிவாதமாக 'கோஸ்ட் ரீகான் பிரேக்பாயின்ட்' கேமில் எண்ணிட்ட தலைக்கவசத்தையும் துப்பாக்கியையும் என்எஃப்டிகளாக வழங்கிப் பார்த்தது; சில மாதங்களிலேயே, 2022 ஏப்ரலில், அந்தக் கேமுக்குப் புதிய உள்ளடக்கம் இனி வராது என்று அறிவித்தது. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, விரைவாகவும் முழுமையாகவும் பின்வாங்கியவர்களின் கேம்கள் பிழைத்துக்கொண்டன என்பதைத்தான். 'ஸ்டாக்கர் 2' போரையும் தாண்டி 2024 நவம்பரில் வெளிவந்து நன்றாகவே விற்றது.

ஆகவே ரசிகர்களுக்கு நீங்கள் விடுக்கும் அறிக்கையில் தொழில்நுட்ப விளக்கமோ, தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்ற தொனியோ இருக்கக் கூடாது. அட்டை விற்பனை கைவிடப்பட்டது, பணம் இந்தத் தேதிக்குள் அவரவர் கணக்குக்குத் திரும்ப வரும், கேமில் என்எஃப்டி எந்த வடிவிலும் இருக்காது: இந்த மூன்றையும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் திரும்பும்போது பேமென்ட் கேட்வே பிடிக்கும் கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வெளியிட்ட டோக்கன்களை வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெற்று நிரந்தரமாக அழித்து, அதற்கான பிளாக்செயின் பதிவைச் சேமித்து வையுங்கள். நோட்டீஸுக்கான பதிலோடு அதைத்தான் முதல் ஆவணமாக இணைக்க வேண்டும். ரசிகர்களுக்கான அறிக்கையிலும் கதாபாத்திரத்தின் பெயர் வருமென்பதால், வெளியிடும் முன் உரிமையாளரின் ஒப்புதலைக் கேளுங்கள். ஒப்புதல் பிரிவை மதிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை.

நோட்டீஸுக்கான பதிலில் முதலீட்டாளர் மேல் பழிபோட வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது நீங்கள். மீறல் நடந்ததை ஒப்புக்கொள்வதா என்பதை மட்டும் உங்கள் வழக்கறிஞர் கவனமாக எழுதட்டும், ஏனெனில் அந்த வாசகம் பிற்பாடு இழப்பீட்டு வழக்கில் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். 'ஒப்புதல் பெறாமல் விற்பனை அறிவிக்கப்பட்டது. அது முழுமையாக நிறுத்தப்பட்டு, மீறல் எனக் கருதப்படுவது சரிசெய்யப்பட்டுவிட்டது' என்ற அளவில் எழுதுவது போதும். நோட்டீஸில் கொடுத்திருக்கும் 30 நாள், குறையைச் சரிசெய்வதற்கான அவகாசமே. சரிசெய்துவிட்டால் உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் உரிமையாளருக்கு இல்லை என்று உங்கள் ஒப்பந்தத்தின் முடிவுறுத்தல் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. உங்கள் தரப்பின் உண்மையான பலம் அதில்தான் இருக்கிறது. முதலீட்டாளரிடமும் அந்தப் பிரிவையே காட்டுங்கள்: உரிமம் போனால் கேம் இல்லை, கேம் இல்லாவிட்டால் அவர் போட்ட பணமும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் இந்தப் பேச்சுவார்த்தையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உருவாக்கிய முப்பரிமாண மாடல்கள் அனைத்தும் உரிமையாளரையே சேரும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. 'டெட் பை டேலைட்' கேமுக்காகக் கனடாவின் பிஹேவியர் நிறுவனம் உருவாக்கிய 'ஹெல்ரெய்ஸர்' கதாபாத்திர மாடல்கள், 2021 அக்டோபரில் வேறொரு நிறுவனத்தின் என்எஃப்டி திட்டத்தில் இடம்பெறப்போவது தெரியவந்தபோது, தாங்கள் என்எஃப்டி விற்பதில்லை என்று பிஹேவியர் விளக்கிய பிறகும் ரசிகர்களின் கோபம் அவர்கள் மீதே பாய்ந்தது. இன்று நீங்கள் கைவிடும் அட்டைகளை, உங்கள் ஓவியர்கள் வரைந்த அதே மாடல்களைக் கொண்டு நாளை உரிமையாளரே வெளியிட்டால், பழி உங்கள் கேமின் மேல்தான் விழும். ஆகவே கேம் விற்பனையில் இருக்கும்வரை உங்கள் மாடல்களை எவரும் என்எஃப்டிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற ஒரு திருத்தத்தைக் கேளுங்கள். தங்கள் கதாபாத்திரத்தின் பெயர் கெடக் கூடாது என்று நோட்டீஸ் அனுப்பியிருப்பவர்கள், அதற்கு மறுப்பு சொல்வது கடினம்.